நுகத்தடிக்குக் கீழே

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், தமிழ்ப் பள்ளிக்குப் பிந்தைய புதுமுக வகுப்பை முடித்து முதலாம் படிவம் ஏறியிருந்த தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு, ஆங்கிலச் சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பு. பக்கத்துத் தோட்டத்து அணியைக் காற்பந்தில் வென்றிருந்த வாரத்தில் வாக்கியம் எழுதச் சொன்னபோது, அகராதியில் கண்ட ‘சப்ஜுகேட்’ (subjugate) என்னும் சொல்லைப் பொறுக்கியெடுத்து, அவர்களை நாங்கள் அப்படிச் செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, “அப்படியானால் இன்று அவர்கள்தாம் உங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் சுமக்கிறார்களா, தம்பி?” என்று கேட்டார்.

பிறகு கரும்பலகையில் மாட்டு வண்டியின் நுகத்தடி ஒன்றைப் பூட்டாங்கயிறு உட்பட வரைந்தார்; அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர். இலத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘யூகும்’ என்றால் நுகம். கி.மு. 321இல் மலைக்கணவாயில் அகப்பட்ட ரோமானியப் படையைச் சாம்னைட்டுகள் என்னும் பழைய இத்தாலிய இனத்தார், ஈட்டிகளை நுகம்போல் கட்டி, அவற்றின் அடியில் குனிந்து கடக்கவைத்தார்கள். அச்சொல்லை உலகுக்குக் கொடுத்தவர்களே அதன் பொருளை முதுகு வளைத்துப் படித்தார்கள் என்பது எனக்கு இன்றும் சுவையான செய்தி.

ஆகவே களத்தில் வெல்வதோடு அச்சொல் நிறைவதில்லை. தோற்றவன் கழுத்தில் நுகம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெல்லுதலைக் குறிக்கும் ‘கான்கர்’ (conquer) அப்படியன்று. அதன் இலத்தீன் மூலத்துக்குத் தேடிச் சேர்த்தல் என்பதே பொருள். அச்சத்தையும் நோயையும்கூடக் ‘கான்கர்’ செய்யலாம். 1953இல் ஹில்லாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட்டைச் ‘சப்ஜுகேட்’ செய்திருந்தால், அந்த மலை அவர்களுக்கு வண்டியிழுத்திருக்க வேண்டும்.

நம் ‘கொள்’ என்னும் வினை ‘கான்கரு’க்கு நெருங்கிய உறவு. நாங்கள் குடியிருந்த இதே கெடாவுக்கு 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிய இராசேந்திர சோழன் ‘கடாரம் கொண்டான்’ ஆனான். அவன் கைப்பற்றிய செல்வத்தை மெய்க்கீர்த்தி விரித்துப் பாடுகிறது; ஆனால் சோழரின் நேரடி ஆட்சி இங்கே நிலைக்கவில்லை. கொண்டான் என்பது சரி, நுகம் பூட்டினான் என்பது மிகை. ‘சப்ஜுகேட்’டுக்கு ‘அடிமைப்படுத்து’ என்று எழுதுவார்கள். ‘அடிப்படுத்து’ என்பதே எனக்குப் பிடிக்கும், அந்தச் ‘சப்’ அதில் ‘அடி’யாக நிற்கிறது.

என் வாக்கியத்தில் ஆசிரியர் ‘சப்ஜுகேட்’டை அடித்து, ‘தோற்கடித்தோம்’ என்பதற்கான எளிய ஆங்கிலச் சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அடுத்த மாதம் அதே அணியிடம் மூன்று கோல் வாங்கித் திரும்பினோம். ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து, பலகையில் அந்த நுகத்தடியை மட்டும் மறுபடி வரைந்தார்.