அறுபது நாள் கணக்கு

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியின் மாடியில் ஞாயிறுதோறும் ஒன்பது பேருக்குப் பாடம் நடத்துகிறேன். அவர்களில் ஆறு பேர் மகளிர் குழுக்களில் கணக்கு எழுதுபவர்கள். இருவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள். இன்னொருவர் ஓசூரில் ஆலை வேலை போன பிறகு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வீட்டுக் கடனுக்கு டியூ கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வீடு ஏலத்துக்குப் போகாமலிருக்க எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல அவர்களைப் பழக்குவதே என் வேலை. முப்பது ஆண்டுகள் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருந்து டியூ தவறியவர்களுக்குப் போகும் நோட்டீஸ்களைத் தயாரித்து அனுப்பியவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதல் வகுப்பில் சட்டம் பேசுவதில்லை. பெயரையும் முகவரியையும் அழித்த பழைய நோட்டீஸின் நகலை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அதில் தேதி எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடச் சொல்கிறேன். ஆறு பக்க ஆங்கிலத்தில் அதைக் கண்டுபிடிக்கச் சிலருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் எல்லாம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்வது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அதன் 13(2) பிரிவின்படி, கடனைக் கட்டச் சொல்லி வரும் நோட்டீஸுக்கு அறுபது நாள் கெடு. அது கவரைப் பிரித்த நாளிலிருந்து அல்ல, நோட்டீஸின் தேதியிலிருந்தே ஓடுகிறது. தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் நோட்டீஸே வரவில்லை என்று ஆகிவிடும் என நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்த நம்பிக்கையால் பிழைத்த வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் பர்கூர் பக்கம் ஒரு வீட்டுக்கு, பயிற்சி பெறும் பெண் ஒருவருடன் போயிருந்தேன். வாசல் சுவரில் ஒரு நகைக்கடைக் காலண்டர் சற்றுக் கோணலாக, கதவுக்கு மிக அருகில் தொங்கியது. யாரும் அந்த இடத்தில் காலண்டர் மாட்டமாட்டார்கள். பேச்சுக்கிடையே காற்றில் அது தூக்கியபோது, மைதா பசையில் ஒட்டிய சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் காகிதம், அதன் அடியில் தெரிந்தது. அந்த வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தெருவுல போறவங்க படிக்கறாங்க பாப்பா" என்றார். வங்கி காகிதத்தில்தான் சுவாதீனம் எடுத்திருக்கிறது, சாவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, ஆளை வெளியேற்ற வேண்டுமானால் ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ 14ஆம் பிரிவில் உத்தரவு பெற வேண்டும் என்று அந்தப் பெண் நிதானமாக எடுத்துச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிதானத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்கு நான்கு ஞாயிறுகள் ஆகியிருந்தன.

சுவாதீன அறிவிப்பு வந்த பிறகும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின்படி மனுச்செய்ய நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில்தான் உண்டு. கூலி வேலையை விட்டுவிட்டு அங்கே அலைவது எத்தனை பேரால் ஆகும்? ஆகவே அதற்கு முன்பே, அறுபது நாளுக்குள், வங்கிக்கு எழுத்தில் ஓர் ஆட்சேபணையோ முறையீடோ கொடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்கு வங்கி பதினைந்து நாளுக்குள் காரணத்துடன் பதில் எழுதியாக வேண்டும். வாய்மொழியாக மேலாளரிடம் அழுததற்குப் பதிவு கிடையாது. முத்திரை போட்டு வாங்கிய நகலுக்கு உண்டு.

உண்மையில் நோட்டீஸ் வருவதற்கு முன்பே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. தவணை தொண்ணூறு நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு ஒரு மாத டியூவைக் கட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணக் கூடாது. நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாக்கிவிட்டது. இது தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்து ஒரு தவணையும், மீட்டர் வட்டிக்கு வாங்கி இன்னொரு தவணையும் கட்டிவிட்டு, வீடும் நகையும் சேர்ந்து போனவர்களை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். அப்போது அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். ரசீது போட்டுக் கொடுத்தேனே தவிர, சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்பு வட்டிக் கணக்கு. பதினைந்து லட்சம் ரூபாய், இருபது ஆண்டு, 9 சதவீத மிதக்கும் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்குவது) என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,500 ரூபாய். 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. கடன் வாங்கிய சூட்டோடு அதே இரண்டரை சதவீதம் இந்தக் கடனிலும் ஏறியது என்று வைத்தால் மாத வட்டி மட்டுமே 14,375 ரூபாய். தவணையை மாற்றாமல் ஆண்டுகளை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், கட்டக் கட்ட அசல் ஏறும். ஜெராக்ஸ் கடைக்காரர் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று செல்போனில் மறுபடி போட்டார். இப்படி அசல் ஏறும் அளவுக்குக் காலத்தை நீட்டக் கூடாது என்றும், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கணக்கு விவரம் கேட்டு வாங்கிப் பார்ப்பது எப்படி என்பதை அந்த ஒரு கணக்கை வைத்தே முழு நாளும் நடத்தினேன்.

"விவசாய நிலம், தொட முடியாது" என்று தைரியம் சொல்லும் புரோக்கர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் மாந்தோப்பை மனையாக்கி வீடு கட்டிக் கடன் வாங்கியவர் அந்த விலக்கை நம்பிப் படுத்துவிடக் கூடாது.

இந்த நாட்டில் வசூலுக்குப் போகும் முகவருக்கு முறையான பயிற்சி இருக்கிறது; பட்டதாரிக்கு 50 மணி நேரம், மற்றவர்களுக்கு 100 மணி நேரம், பிறகு இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனத்தின் தேர்வு. கடன்பட்டவரின் பக்கத்தில் நிற்பவருக்கு அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் சட்டத்திலேயே வீட்டு ஆலோசகர்களுக்கு இடம் வைத்தார்கள். அந்நாட்டு மத்திய வீட்டுவசதித் துறையின் திட்டத்தில் ஆலோசனை சொல்ல இப்போது ஆறு பாடங்களில் தேர்வு எழுதித் தேற வேண்டும், தவணை தவறுவதைத் தவிர்ப்பதும் அவற்றில் ஒன்று. அங்கேயும் வீடுகள் போகத்தான் செய்கின்றன. இருந்தாலும் இது ஒரு வேலை, இதற்குப் படிப்பு வேண்டும், சம்பளம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என் வகுப்புக்கு வருகிற பெண்களுக்கு நான் பேருந்துக் கட்டணம்தான் கொடுக்க முடிகிறது.

நேற்றிரவு அவர்களில் ஒருவர் சூளகிரிக்கு அருகிலிருந்து அழைத்தார். அரிசி டிரம்முக்குள் கிடந்த கவரை அந்த வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பிரித்திருக்கிறார்.

"தேதி பாத்துட்டேன் சார். பதினெட்டு நாள் போயிடுச்சு."

"மீதி?"

"நாப்பத்திரெண்டு. லெட்டர் எழுத ஆரம்பிச்சிட்டோம், ஒரு வரி படிக்கட்டுமா?"

படிக்கச் சொன்னேன்.