கடலைப் பார்க்கும் ஜன்னல்

இன்று மாலை குளச்சல் அருகே, சுனாமிக் குடியிருப்பில் ஒரு மீனவத் தாயின் வீட்டில் தேநீர் அருந்தும்போதுதான், அந்த வீட்டின் வாசல் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதைக் கவனித்தேன்.

சமையலறையில் மட்டும் கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய ஜன்னல்.

"வாசலத் தொறந்ததும் தண்ணி தெரியக் கூடாதுன்னு நான் சொன்னேன் மக்களே. கடலப் பாக்காம சோறு எறங்காதுன்னு அவிய சொன்னாவ. சாமியாரு நாங்க ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டாரு."

'அவிய' என்றது கணவரை; 'சாமியார்' என்றது ஊரின் பங்குத்தந்தையை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. உயிர் தப்பியவர்கள் முதலில் ஓடி ஒதுங்கிய இடங்களில் கோயில்களும் பங்குப் பள்ளிகளும் இருந்தன. சோறும் துணியும் கொடுப்பதோடு நின்றுவிடாமல், கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்டாறு மறைமாவட்டமும் அதன் சமூக சேவைச் சங்கமும் மறுவாழ்வுப் பணிகளிலும் இறங்கின. அரசின் மறுகுடியமர்வுத் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 300 முதல் 325 சதுர அடி; பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அளவும் பட்டாவும் எழுத்தில் அடங்கிவிடும். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அதே கடலை நம்பிப் பிழைக்கும் ஒரு குடும்பத்திடம், வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பொறுமையாகக் கேட்பதற்கு, அந்த ஊரின் திருமணங்களையும் அடக்கங்களையும் நடத்திவைத்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

விடைபெறும்போது அந்தத் தாய் அந்த ஜன்னலோரம் நின்றிருந்தார். மகனின் வள்ளம் இன்னும் கரை சேரவில்லை.