லிஸ்பனில் கேட்ட வீட்டுச் சொற்கள்

திருகோணமலையில் பிறந்த ஒருவர் போர்த்துக்கல் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றால், ‘கோயிலை இடித்தவனிடமா விருந்துக்குப் போகிறாய்?’ என்று ஊரில் கேட்கத்தான் செய்வார்கள். 1622ஆம் ஆண்டில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார்கள் என்பதை, கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்து நிற்கும் கல் இன்றும் எங்களுக்கு நினைவூட்டுகிறது. பாரிஸில் இருக்கும் அண்ணா விமானச் சீட்டை எடுத்துவிட்டே செய்தி சொன்னதால், மனத்தாங்கலோடுதான் நானும் புறப்பட்டேன்.

லிஸ்பனில் முதலில் பெலெம் பகுதிக்குப் போனோம். 1501ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடத்துக்கான பணத்தில் பெரும் பங்கு கீழைத்தேச வாசனைத் திரவிய வணிகத்தின் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. கயிறும் பவளமும் கடற்பாசியுமாகக் கல்லில் செதுக்கிய அந்த வேலைப்பாட்டின் அழகை மறுக்க முடியாது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையின் முன் அண்ணா படம் எடுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

மடத்துக்கு அருகிலேயே, 1837ஆம் ஆண்டு முதல் முட்டைப் பாகு நிரப்பிய சிறு அப்பங்களை விற்கும் கடை இருக்கிறது. துறவிகள் உடுப்புக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்ததால் மிஞ்சிய மஞ்சட்கருவில் பிறந்த பண்டம் என்று அங்கே கதை சொல்கிறார்கள். சுடச்சுட வந்த அப்பத்தின் மேல் தூவிக்கொள்ளக் கறுவாத் தூளையும் வைத்திருந்தார்கள். எந்தக் கறுவாவுக்காக எங்கள் தீவில் ஒன்றரை நூற்றாண்டு மல்லுக்கட்டினார்களோ, அதையே தூவி நான் நான்கு அப்பங்களைத் தின்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அல்ஃபாமாவின் ஒடுங்கிய படிக்கட்டுச் சந்தொன்றில் இருந்த சிறிய உணவகத்தில்தான் என் மனத்தாங்கல் சற்றுத் தளர்ந்தது. பரிமாறிய அம்மையார் ‘கடெய்ரா’ என்று காட்டியது எங்கள் கதிரை; ‘மேசா’ எங்கள் மேசை. கூடையில் வைத்த ‘பாவ்ங்’ எங்கள் பாண், உருளைக்கிழங்குச் சூப்பில் மெல்லியதாக அரிந்து போட்ட ‘கோவ்’ இலை எங்கள் கோவா. யன்னல், அலுமாரி, துவாய், சப்பாத்து, வாங்கு என்று நான் விரல்விட்டு எண்ண, அவர் வியந்து தம் கணவரையும் அடுக்களையிலிருந்து அழைத்துவிட்டார். அவர் கையில் இருந்தது ‘தாஷு’, அதாவது அம்மா கத்தரிக்காய் பொரிக்கும் தாச்சி. (கேட்காமலே மேசையில் வைக்கும் பாணுக்கும் ஒலிவுக்கும் அங்கே காசு உண்டு, வேண்டாமென்றால் தொடாமல் விட்டால் போதும்.)

மறுநாள் பார்த்த கார்மோ மடத்துக்குக் கூரை இல்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாளன்று தேவாலயங்களில் சனம் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. வெட்டவெளியைத் தேடித் தேஜோ ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள், நீர் பின்வாங்கி அடித்தளம் தெரிவதைப் பார்த்து நிற்கையில் பேரலை வந்தது. அதன் பின்பு நகரம் நாட்கணக்கில் எரிந்தது. 2004 மார்கழியில் எங்கள் கரையிலும் கடல் இப்படித்தான் உள்வாங்கியது. ஆற்றங்கரைச் சதுக்கத்தில் வெகுநேரம் இருவரும் பேசாமல் நின்றோம்.

எவோராவில் ரோமர் கோயிலின் தூண்கள் நன்று. மனித எலும்புகளால் சுவர் வேய்ந்த சிற்றாலயத்தில் எனக்கு ஐந்து நிமிடமே போதுமாக இருந்தது. போர்ட்டோவில் சாவோ பெந்தோ ரயில் நிலையத்தின் நீல ஓடுகளுக்காக ஒரு ரயிலைத் தவறவிட்டோம், கவலைப்படவில்லை.

திரும்பும்போது அம்மாவுக்கென்று ‘பக்கல்யாவு’ எனும் உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை வாங்கி வந்தேன். ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்துப் பலமுறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லியும், அம்மா தம் வழக்கப்படி சுடுநீரில் கழுவித் தேங்காய்ப்பாலில் குழம்பு வைத்துவிட்டார். உப்புக் கரித்தது. ஒரு வாய் உண்டபின், ‘இவ்வளவு தூரம் போய் வாங்கினது இதோ? எங்கட கட்டாக் கருவாடு எவ்வளவோ திறம்’ என்றார்.