ஆறு அங்குலத்துக்குக் கீழே

2022 தை மாதத்தில் பிடுங்கிய முள்ளங்கிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மேலே நான்கைந்து அங்குலம் நேராக, நல்ல பருமனாக. அதற்குக் கீழே இரண்டாகப் பிளந்து, காலை மடக்கி உட்கார்ந்தது போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. விதை சரியில்லை என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியில் குத்தினேன். முதல் ஆறு அங்குலம் மாவுக்குள் இறங்குவது போல இறங்கியது. அடுத்து ‘ணங்’ என்று சத்தம், கை முழங்கை வரை அதிர்ந்தது. பாறையாக இருக்குமோ என்று பத்தடி தள்ளிக் குத்தினேன். அதே ஆழம், அதே சத்தம். அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கக் குத்திப் பார்த்துவிட்டேன். மண்ணுக்கு அடியில் தளம் போட்டது போல ஓர் இறுகிய அடுக்கு பரவியிருந்தது.

இரண்டு ஆண்டுகளாக அந்த அடுக்கை உண்டாக்கியது என் உழவுதான் என்று புரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. செம்மண் பூமி. பள்ளி வேலையிலிருந்து 2020-இல் ஓய்வு பெற்றதும், வீட்டுக்குப் பின்னால் வெகுகாலம் ஆடு மேய்ந்துகொண்டிருந்த 45 சென்ட் நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்கினேன். வடக்கு ஓரம் நான்கு தென்னைகள், மூலையில் ஒரு முருங்கை, கிழக்கே கல்தூண் நட்ட கம்பி வேலி. 45 சென்ட் என்றால் ஏறத்தாழ 19,600 சதுர அடி. மண்வெட்டியால் கொத்தி மாளாது. பெரிய டிராக்டர்காரர்களோ, முக்கால் மணி நேர வேலைக்கு வண்டியை எடுத்து வரத் தயங்குவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலம்.

எனவே கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். உள்ளூரில் ஒருவரிடம் மினி டிராக்டரும் நான்கடி ரோட்டவேட்டரும் இருந்தன. எட்டடி வாசலில் நுழையும், தென்னைக்கும் வேலிக்கும் நடுவே திரும்பும். முதல் முறை ஓட்டி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு. முள்ளும் புல்லும் கட்டியுமாகக் கிடந்த நிலம் சலித்த மாவு போலக் கிடந்தது. அந்த அழகுக்காகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் இரண்டு முறை, சில நேரம் மூன்று முறை ஓட்டச் சொன்னேன்.

ரோட்டவேட்டர் செய்வது என்ன என்பதை அப்போது நான் நின்று யோசிக்கவில்லை. டிராக்டரின் பின்பக்கத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற, அதிலிருந்து விசை வாங்கி, ஆங்கில எல் எழுத்து வடிவக் கத்திகள் மேலிருந்து கீழே வெட்டுகின்றன. நான்கு முதல் ஆறு அங்குலம் வரை மண் தூளாகிறது. கத்தியின் வளைந்த அடிப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் அதே ஆழத்தில் கீழ்மண்ணை அறைந்து வழித்துக்கொண்டு போகிறது. மேலே இருக்கும் நுண்தூள் தண்ணீரோடு இறங்கி அந்த இடத்துத் துளைகளை அடைக்கிறது. ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. மற்றக் கலப்பை எதையும் காட்டாமல் பட்டத்துக்குப் பட்டம் அதையே ஓட்டினால் இறுக்கம் சேர்ந்துகொண்டே வரும். மேல்மண்ணுக்கும் கேடு உண்டு. தூளான செம்மண் மீது ஒரு மழை அடித்து வெயில் காய்ந்தால், ஓடு போட்டது போல இறுகிவிடும். கீரை விதை முட்டிமோதி முளைக்க முடியாமல் உள்ளேயே மடங்கிக் கிடந்ததைத் தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட என்னை வருத்தியது அருகும் கோரையும். அருகம்புல்லின் தண்டைப் பத்துத் துண்டாக வெட்டினால் பத்தும் கணுவுக்குக் கணு வேர் விடும். கோரைக்கிழங்குச் சங்கிலியை அறுத்துச் சிதறவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடி. தோட்டத்தின் தெற்கு மூலையில் மட்டும் இருந்த கோரையை நானே காசு கொடுத்து நான்கு மூலைக்கும் விதைத்திருக்கிறேன். வற்றாக் களை உள்ள நிலத்தில் ரோட்டவேட்டரை முதல் கருவியாக இறக்கவே கூடாது. இதை யார் கேட்டாலும் உரக்கவே சொல்வேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். கடப்பாரை இறங்காத கதையைச் சொன்னதும், “சட்டிக் கலப்பையைப் போட்டுப் புரட்டி விடு தாயி” என்றார். புதிதாகத் திருத்தும் நிலத்துக்கு அவர் சொன்னது சரி. அந்தக் கலப்பையில் சட்டி போலக் குழிந்த வட்டத் தட்டுகள் இருக்கும், அவை கல்லிலும் வேரிலும் சிக்காமல் உருண்டு ஏறிப் போய்விடும். ஆனால் அது மண்ணை ஒரு பக்கமாக வாரித் தள்ளும். ஓட்டி முடித்த இடத்தில் ஓரத்தில் வாய்க்கால் போலப் பள்ளமும் எதிர்ப்பக்கம் மேடும் நிற்கும். பத்து ஏக்கரில் அதைப் பரம்படித்துச் சரிசெய்யலாம், 45 சென்டில் அந்தப் பள்ளமே இரண்டு பாத்தியைத் தின்றுவிடும். மேலும், இரண்டு ஆண்டுகளாக நான் கொட்டிய சாணமும் மக்கும் மேல் ஆறு அங்குலத்தில்தான் இருந்தன. அதைக் கீழே புதைத்துவிட்டுக் கீழ்மண்ணை மேலே கொண்டுவர எனக்கு மனமில்லை. வளைந்த இறக்கையால் மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பையை வேண்டாம் என்றதும் இதே காரணத்தால்தான்.

எனக்கு வேண்டியிருந்தது புரட்டாமல் கிழிக்கும் கருவி. அதுதான் உளிக்கலப்பை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு சட்டம், அதில் வளைந்த கனத்த இரும்புக் கால் ஒன்று, நுனியில் உளி. ஆனால் 40 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய பதினாறு அங்குலம் இறங்கும். அந்த ஒற்றைக் காலை இழுக்க 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும். மினி டிராக்டர்காரரிடம் கேட்டபோது, மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதியில் பதிவு செய்யலாம். சித்தப்பாவின் இரண்டு ஏக்கரையும் என் 45 சென்டையும் சேர்த்து ஒரே நாளுக்கு ஏற்பாடு செய்தோம். சிறிய நிலத்துக்காரர்கள் இப்படி ஒட்டிக்கொள்வதுதான் நல்ல வழி.

டிராக்டர் வாசலில் நுழைந்தாலும் வீட்டுச் சுவரோரத் திருப்பத்தில் திரும்பாது. முந்தைய நாள் கிழக்கு வேலியில் பதினான்கு அடிக்குக் கம்பியை அவிழ்த்து வைத்தோம்.

2023 சித்திரை. மழை கண்டு பல வாரங்கள். ஒரு மழை பெய்யட்டும், மண் இளகினால் கலப்பை சுலபமாக இறங்கும் என்றார் வீட்டுக்காரர். டிரைவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதை அன்று கண்ணால் பார்த்தேன். ஈரமண்ணில் உளி போனால் கத்தி போன தடம் மட்டும்தான் இருக்கும், மண் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மண்ணில் போகும்போதுதான் இரு பக்கமும் ஒரு சாண், ஒரு முழம் என்று வெடித்துப் பிளக்கிறது. சின்னக் கியரில் வண்டி முனகிக்கொண்டு நகர, உளிக்குப் பின்னால் தரை மெதுவாக மேலெழும்பிப் பாளம் பாளமாக உடைந்து சரிந்தது. அரை மீட்டர் இடைவெளியில் தெற்கு வடக்காக ஒரு முறை, பிறகு குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு முறை. தென்னையைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் மட்டும் விடவில்லை, அங்கேதான் மரத்தின் தீனி வேர்கள் இருக்கின்றன. முடிந்தபோது தோட்டம் குண்டு விழுந்த இடம் போல இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். நான் ஒரு பாளத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு அங்குலத்துக்குக் கீழே மூன்று விரற்கடை கனத்துக்குப் பளபளவென்று வழித்த தகடு. அதற்கும் கீழே, அருமையான பொலபொலத்த சிவப்பு மண்.

ஒரு மாதம் அப்படியே வெயிலில் கிடந்தது. வைகாசியில் கோடை மழை பெய்தது. மூன்றாம் நாள் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். உருண்டையாக விழுந்து உதிர்ந்தது. சேறாக ஒட்டினால் அன்று உழக்கூடாது. ஒன்பது இரும்புக் கொத்துகள் கொண்ட கொத்துக் கலப்பையை வரச் சொன்னேன். இதற்கு முன் அந்தக் கலப்பையை நான் மதித்ததே இல்லை. கட்டி கட்டியாக விட்டுவிட்டுப் போகிறதே என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அது களையை அறுப்பதில்லை, கீறிப் பிடுங்கி மேலே போடுகிறது. அருகம்புல் முழ நீளத்துக்குக் கயிறு கயிறாக வந்தது. நான்கு பெண்கள் இரண்டு நாள் வாரி வரப்பில் காயப் போட்டோம். கோரை முழுதாகப் போகவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் பழையபடி ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது.

தொழு உரம் ஏக்கருக்கு ஐந்து டன் என்பது கணக்கு. என் நிலத்துக்கு இரண்டேகால் டன். அதை இறைத்துவிட்டுக் கொத்துக் கலப்பையால் குறுக்கே இன்னொரு சால்.

ரோட்டவேட்டரை அடியோடு விலக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதை நடவுக்கு முன் ஒரே ஒரு முறை, பின்பக்கத் தகட்டைத் தூக்கி வைத்து, வண்டியைச் சற்று வேகமாக விட்டு ஓட்டச் சொல்கிறேன். தகடு இறங்கி வண்டி ஊர்ந்தால் தூள், தகடு ஏறி வண்டி விரைந்தால் கட்டி. சுண்டைக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை கட்டிகள் கிடந்தால் எனக்குப் போதும். மழை அந்த இடுக்குகளில் இறங்கும். கீரைப் பாத்திக்கு மட்டும் கையால் கொத்திப் பொடியாக்கிக்கொள்கிறேன்.

ரோட்டவேட்டர் ஓடும்போது பேரப்பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். கல் தெறிக்கும். சுழலும் தண்டின் மீது மூடி இல்லாத வண்டியை இப்போது உள்ளேயே விடுவதில்லை. சேலை முந்தானையோ துண்டோ ஒரு நொடி பட்டால் போதும், ஆளை இழுத்துவிடும். பெண்கள் நின்று வேலை வாங்கும் தோட்டம் இது, மூடி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பார் போடுவதற்கு, அதாவது செடி நட மண்ணை நீள மேடாக அணைப்பதற்கு, மினி டிராக்டரே போதும். மூன்றடிக்கு ஒரு பார். கத்தரிக்கும் வெண்டைக்கும் அது சற்று அதிக இடைவெளிதான். பார்களுக்கு நடுவே களையெடுக்கும் பவர் வீடர் தட்டாமல் போக வேண்டுமே. மினி டிராக்டரே வாங்கிவிடலாம் என்று மகன் வற்புறுத்தினான். ஆண்டுக்கு எனக்குத் தேவைப்படுவது ஐந்தாறு மணி நேர உழவு. அதற்கு ஒரு வண்டியைக் கொட்டகை போட்டு வளர்க்க வேண்டாம் என்று பவர் வீடர் மட்டும் வாங்கினேன். வாரத்துக்கு இரண்டு முறை கையில் எடுக்கும் கருவி அது.

அந்த ஐப்பசி மழையில் முதன்முறையாகத் தண்ணீர் தேங்கவில்லை. மார்கழியில் பிடுங்கிய முள்ளங்கியைக் கழுவாமலே கொண்டுபோய்ச் சித்தப்பாவின் திண்ணையில் வைத்தேன். அவர் அதைத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்தார்.

போன வாரம் மறுபடி கடப்பாரையோடு சுற்றி வந்தேன். பெரும்பாலான இடங்களில் பதினான்கு அங்குலம் இறங்குகிறது. இரண்டு இடங்களில் எட்டாம் அங்குலத்தில் லேசாகத் தடுக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உளிக்கலப்பை என்ற கணக்கில் 2026 சித்திரையில் அடுத்த உழவு. கிழக்கு வேலியில் அந்தப் பதினான்கு அடிக் கம்பியை இப்போது முறுக்கிக் கட்டுவதில்லை, கொக்கி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.