அம்ப்ளிபயர் அணைந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

மட்டக்களப்பின் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் வாடகை வான் வைத்திருப்போர் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். சத்தம் குறைவாக இருக்கும்வரை பாட்டு நன்றாக ஒலிக்கிறது. கூட்டியதும், பேஸ் அதிரும் இடத்தில் அம்ப்ளிபயர் அணைந்து, சில நொடிகளில் தானாகவே மீண்டும் இயங்குகிறது. இவர்களில் பலர் புதிய பற்றரி ஒன்றையும் வாங்கிப் பூட்டிவிட்டே வருகிறார்கள். பற்றரி விற்றவருக்கு மட்டுமே அதனால் நன்மை.

நல்ல நிலையிலுள்ள பற்றரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டை அண்மிக்கும். பாட்டு ஓடாதபோது அம்ப்ளிபயரின் முனையில் அளந்தாலும் அதே எண் வருவதால், வயரில் குறையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 அம்பியர் பாயும்போது அங்கே இழப்பது 0.02 வோல்ட், மீட்டரில் கண்ணுக்கே படாது. பேஸ் ஸ்பீக்கரான சப்வூபர் அதிர்ந்து 50 அம்பியர் இழுக்கும் நொடியில் அதே இடத்தில் 1 வோல்ட் முழுதாகப் போய்விடும். இப்படி இரண்டு மூன்று இணைப்புகள் சேர்ந்தால், மின்னழுத்தம் தாழ்ந்ததைக் கண்டு அம்ப்ளிபயர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது.

ஆகவே பாட்டை உரக்க ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை அம்ப்ளிபயரின் நேர்முனையிலும் வைத்தால், அந்த வயரும் பியூஸும் சேர்ந்து விழுங்கும் வோல்ட் நேரடியாகத் தெரியும். பிறகு அம்ப்ளிபயரை வண்டியின் தகரத்தோடு இணைக்கும் எர்த் முனைக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் அவ்வாறே அளக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் குறை. இரண்டிலும் இழப்பில்லாமல் பற்றரியின் முனைகளிலேயே வோல்ட் சரிந்தால் மட்டுமே பற்றரியையும் அதைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேட்டரையும் சந்தேகிக்கலாம்.

கடலும் வாவியும் இருபுறமும் சூழ்ந்த எங்கள் ஊரில் எர்த் பக்கமே அதிகம் பழுதாகிறது. பின் ஆசனத்தின் கீழே, பெயின்ட்டைச் சுரண்டாமல் ஒரு போல்ட்டில் வயரைப் பூட்டிவிடுவார்கள். உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, வளைய முனை போட்டு இறுக்கி, அதன்மேல் கிரீஸ் பூசினால் நெடுநாள் தாங்கும். எர்த் வயர் குட்டையாகவும் நேர்முனை வயருக்குச் சமமான பருமனிலும் இருக்க வேண்டும். மலிவான வயரைப் பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறக்குறைய 60 சதவீதமே என்பதால், அதே வேலைக்கு இன்னும் பருமனான வயர் தேவை.

அம்ப்ளிபயர் சற்றும் இயங்காவிட்டால், செட்டைப் போட்டதும், அம்ப்ளிபயரை இயங்கச் சொல்லி அதிலிருந்து வரும் ரிமோட் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அம்ப்ளிபயரின் பாதுகாப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் குறை ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ இருக்கிறது, அணையாவிட்டால் பெரும்பாலும் அம்ப்ளிபயருக்குள்ளேயே. பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று பெரிய பியூஸ் போடுவதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பியூஸ் காப்பது அம்ப்ளிபயரை அல்ல, வண்டி நெடுகச் செல்லும் வயரைத் தீயிலிருந்து. அதனால்தான் அதைப் பற்றரிக்கு மிக அருகிலேயே பூட்டுகிறோம்.