மேற்கோள் கணக்கில் ஏறாத களஞ்சியம்

பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல் வெளியானதும், "நம் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேலி பேச ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஓர் ஆய்வைப் பிற ஆய்வுகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று தொகுக்கும் ஸ்கோபஸ் போன்ற தளங்கள் கணக்கில் எடுப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கம் உள்ள ஆய்விதழ்களைத்தான். 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் பெற்றால், அந்த மேற்கோள் கணக்கைக் காட்டும் எச் குறியீடு குறைந்தது 10. சரி, 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிவியல் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் என்னும் கலைக்களஞ்சியங்கள் இதில் எங்கே ஏறும்?

எங்கள் நூலகத்தில் அவற்றில் ஒரு தொகுதி முதுகு கிழிந்து, சணல் கட்டோடு நிற்கிறது. பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். படித்தவர்கள் அடிக்குறிப்பு எழுதவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக ஆய்வாளர்களுக்குச் சலுகை வேண்டாம். சுவடிப் பதிப்போ கல்வெட்டு ஆய்வோ, ஓர் ஆங்கிலச் சுருக்கமும் நிலையான இணைய முகவரியும் சேர்க்க என்ன கஷ்டம்? ஆய்வேட்டை அலமாரியில் பூட்டிவிட்டு, மேற்கோள் வரவில்லை என்று புலம்புவதை என்னால் ரசிக்க முடியவில்லை.