யானை போன பிறகுதான் பஸ்

வால்பாறைக்குப் போகிறோம் என்று கோயம்புத்தூரில் யாரிடம் சொன்னாலும், "அங்க என்னங்க இருக்குது?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். படகு விடும் ஏரி கிடையாது. ஸ்வெட்டரும் சாக்லேட்டும் விற்கும் கடைவீதி கிடையாது. குதிரைச் சவாரியும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் கணக்கில் பார்த்தால் சனி ஞாயிறு போய் வர அங்கே ஒன்றுமே இல்லை. நானும் மச்சானும் கிளம்பியதற்குக் காரணமும் அதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். அரசு பஸ்ஸில் போனோம். இந்த மலைக்குச் சொந்தக் காரைவிட பஸ் மேல் என்பது என் கட்சி. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் கார் ஓட்டுகிறவன் கண்ணுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் மலை முழுக்க நமக்கு. போதாததற்கு இப்போது சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

ஆழியார் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதைத் தாண்டினால் குரங்கு அருவி. அரசாங்கம் அதற்குக் கவியருவி என்று பெயர் மாற்றியிருக்கிறது. பஸ்ஸில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. "குரங்கு ஃபால்ஸ் எறங்கு" என்றுதான் கண்டக்டர் குரல் கொடுத்தார். அங்கிருந்து வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனைக்கு, இந்த ரோட்டைப் போட்ட வெள்ளைக்கார இன்ஜினீயர் லோம் பெயர்தான். அங்கிருந்து பார்த்தால் ஆழியார் அணை கீழே தகடு மாதிரிக் கிடக்கிறது.

எங்கள் பஸ் அந்த வளைவில் வேகம் குறைத்தது. "பாறையப் பாருங்க, வரையாடு" என்றார் டிரைவர் சாவகாசமாக. செங்குத்தான பாறையில், நாம் நிற்க நினைத்தாலே கால் கூசுகிற இடத்தில், இரண்டு பெட்டை ஆடுகளும் ஒரு குட்டியும் புல் மேய்ந்துகொண்டிருந்தன. நம் மாநில விலங்கு. டிக்கெட் இல்லை, டிரெக்கிங் இல்லை, பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். மச்சான் போனை எடுத்து கேமராவைத் திறப்பதற்குள் பஸ் பத்தாவது வளைவுக்கு ஏறிவிட்டது.

அட்டகட்டி தாண்டியதும் குளிர் ஆரம்பிக்கிறது. கவர்க்கல் பக்கம் வரும்போது எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு மூடுபனி. அங்கே ரோட்டோரம் ஒரு வெள்ளைக்காரர் சிலையாக நிற்கிறார். கார்வர் மார்ஷ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காட்டுக்குள் வந்து தோட்டம் போட்டவர்களில் முக்கியமானவர். ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அந்தத் தந்தை கை காட்டியதும் வெட்டப்பட்டது எவ்வளவு பெரிய மழைக்காடு, அதை வெட்டப் போய்க் காய்ச்சலிலும் குளிரிலும் செத்தது எத்தனை சமவெளி ஜனம் என்பதையும் அந்த மேடையிலேயே எழுதி வைத்திருக்கலாம்.

வால்பாறையைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். அதில் பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காபி. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். நடுவில் இருக்கும் தோட்டங்களுக்குள், வெட்டாமல் விட்டுப்போன சோலைத் துண்டுகள் தீவுத் தீவாக நிற்கின்றன. கம்பெனிக்காரர்கள் ரோடு போட்டார்கள், தொழிற்சாலை கட்டினார்கள், எல்லை வகுத்தார்கள். யானைக்கு அது தெரியாது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அது தேயிலை வழியாக நடந்துதான் போயாக வேண்டும்.

இந்தத் துண்டுக் காட்டின் கதை ஊருக்கு முன்னால் வரும் புதுத்தோட்டத்தில் நன்றாகத் தெரியும். ரோட்டின் இருபுறமும் மரம். அதில் சிங்கவால் குரங்குகள். முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத ஜீவன், மரத்தைவிட்டு அதிகம் இறங்காத ஜீவன், இங்கே தார் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. காரணம், ரோட்டுக்கு மேலே கிளைகள் ஒன்றோடொன்று தொடவில்லை. இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்குப் போக இறங்கித்தான் ஆக வேண்டும். வண்டியில் அடிபட்டும் செத்திருக்கின்றன. இதற்காகப் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, ரோட்டுக்குக் குறுக்கே உயரத்தில் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு தாய்க் குரங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு கடந்து போனதைப் பார்த்தோம். கீழே ஒரு கார்க்காரர் ஜன்னல் வழியாகச் சிப்ஸ் நீட்டிக்கொண்டிருந்தார். அங்கே காவலுக்கு நின்ற இளைஞர் ஓடிவந்து, "சார், குடுக்காதீங்க சார். அப்புறம் அது ரோட்ட விட்டுப் போகாது" என்றார். சிப்ஸ் உள்ளே போனது, முகம் சுருங்கியது, கார் நகர்ந்தது.

நாங்கள் தங்கியது ஊரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வீட்டில், மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில் கங்காணி கூட்டிவந்து, திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏறிய குடும்பம். சாயங்காலம் கட்டன் டீயோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ராத்திரி சாப்பாட்டுக்கு டவுனுக்குப் போக வேணாம். இங்கயே தோசை ஊத்தச் சொல்றேன்" என்றார்.

"ஏங்கய்யா?"

"கீழ்ப் பாடிப் பக்கம் நாலு நிக்குது."

பாடி என்றால் தொழிலாளர் குடியிருப்பு. நாலு என்றால் யானை. பெயரைக்கூடச் சொல்லவில்லை அவர்.

வால்பாறையில் நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த ஏற்பாடு இந்தக் குறுஞ்செய்திதான். யானை எங்கே நிற்கிறது என்று கண்காணித்து, அந்தப் பகுதியில் இருப்பவர்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். உள்ளூர் கேபிள் டிவியிலும் ஓடுகிறது. சில முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன; பக்கத்தில் யானை இருந்தால் போனிலிருந்தே அதை எரியவிடுவார்கள், வேலை முடிந்து நடந்து வருகிறவர்கள் தூரத்திலேயே பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். இதை உருவாக்கிய ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இருட்டில் எதிர்பாராமல் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதில்தான் பெரும்பாலான சாவுகள் நடந்திருக்கின்றன. யானை இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. "ரேஷன் கடை ஷட்டரப் பேத்துடும், சத்துணவுக் கூடத்துச் சுவத்த இடிக்கும். அரிசி வாசம் அதுக்கு. அதுக்காகக் கோவிச்சுக்க முடியுமா? நாம வந்து எறங்குனது அது நடந்த தடத்துல" என்றார் பெரியவர்.

மறுநாள் காலை சோலையாறு பஸ்ஸில் போகும்போது அந்த நாலையும் பார்த்தோம். அதே நாலா என்று யானையிடம்தான் கேட்க வேண்டும். ரோட்டுக்கு மேலே தேயிலைச் சரிவில் இரண்டு பெரியவை, ஒரு நடுத்தரம், நடுவில் ஒரு குட்டி. டிரைவர் தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் வந்த ஜீப்பும் பைக்குகளும் நின்றன. பஸ்ஸில் பேச்சு நிற்கவில்லை, குரல் மட்டும் இறங்கியது. எனக்குப் பக்கத்திலிருந்த அம்மா ரேஷன் கடையில் துவரம்பருப்பு வராததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், யானைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. யானைகள் வரிசைக்கு நடுவே செடி அதிகம் மிதிபடாமல் இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஓடையோரச் சோலைக்குள் போயின. கடைசி யானையின் பின்புறம் மறைந்த பிறகும் டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். "பின்னாடி இன்னொண்ணு இருந்தா?" என்றார் மச்சானிடம். பிறகுதான் சாவியைத் திருகினார்.

சோலையாறு அணையின் முழு நீர்மட்டம் 160 அடி, நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. மேற்கே கேரளம் பார்த்து ஓட வேண்டிய தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து பரம்பிக்குளம் வழியாகக் கிழக்கே திருப்பும் திட்டத்தின் ஒரு கண்ணி இது. பொள்ளாச்சித் தென்னையும் உடுமலை வயலும் இதை நம்பித்தான். நல்லமுடி பூஞ்சோலைக் காட்சிமுனைக்குப் போனோம். எதிரே பனி தவிர ஒன்றும் தெரியவில்லை. சின்னக்கல்லாறில் மழை, அட்டை, மறுபடியும் மழை. கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்கலாம், ஆழம் பார்க்க வேண்டாம். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளித்த கோவை மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். மேலே மழை பெய்தால் இந்த மலையாறுகள் எந்த நேரமும் நிறம் மாறும்.

தோட்டங்களில் இப்போது கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவை. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பாடி வழியாக நடந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், வாசலில் துணி, உள்ளிருந்து இந்திப் பாட்டு. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் தேயிலை. 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் தொழிலாளியின் சின்னப் பெண்குழந்தையை வீட்டருகேயிருந்தே சிறுத்தை தூக்கிப்போனது. யானைக்குச் செய்தி அனுப்பலாம், சிறுத்தைக்கு முடியாது. பாடியைச் சுற்றிப் புதரை வெட்டுவது, இருட்டும் முன் பிள்ளைகளை உள்ளே அழைப்பது, கோழிக் கழிவை வெளியே கொட்டாமல் இருப்பது என்று எல்லாச் சுமையும் அங்கே குடியிருப்பவர்கள் தலையில்தான். விலங்குகளோடு இணக்கமாக வாழும் ஊர் என்று என்னைப் போல வந்து போகிறவன் எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டவுனில் நடக்க இடமில்லை. எஸ்டேட்டுகளுக்கு அன்றுதான் விடுமுறை. முடீஸ், உருளிக்கல், சின்கோனா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனம் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்குகிறது. கருவாடு, ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் குடம், செல்போன் கவர். ஒரு பக்கம் மலையாளி டீக்கடையில் பழம்பொரி, இன்னொரு பக்கம் பரோட்டாக் கல் தட்டும் சத்தம். பழம்பொரியைத் தவறவிடாதீர்கள். டீ மட்டும் பெரும் ஏமாற்றம். இத்தனை தேயிலைக்கு நடுவில் கடைகளில் கிடைப்பது சமவெளியில் கிடைக்கும் அதே சர்க்கரைத் தண்ணீர்தான். நல்ல தூள் வேண்டுமானால் தோட்டத்துக்காரர்கள் நடத்தும் விற்பனைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மழை பிடிக்குமானால் ஜூன், ஜூலையில் போகலாம், ஆனால் காட்சிமுனைகளை மறந்துவிட வேண்டும். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு நல்லது. இருட்டிய பின் மலை ஏறுவதாகத் திட்டம் போட வேண்டாம். சாக்ஸுக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். இறங்கும்போது ஆழியார் அணையோரம் மீன் வறுவல் சாப்பிடலாம். நாற்பது வளைவு இறங்கிய வயிறு சம்மதித்தால். மச்சானுக்குச் சம்மதிக்கவில்லை, அவருடைய பங்கையும் நானே சாப்பிட்டேன்.